கால் மேல் போட்ட பழி

கயிறு எங்கே தொங்கினாலும் அவர் கை சும்மா இருக்காது. துணி காயும் கொடி, பை நாடா, சார்ஜர் வயர், எதுவானாலும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரலை ஓட்டி, சிக்கு இல்லை என்று தெரிந்த பிறகுதான் நகருவார். இருபது வருடமாக மனைவி பார்த்துவருகிறாள். "வயருக்கு நாடி பாத்தாச்சா? இனிமே சார்ஜ் போடலாமா?" என்பாள்.

வாரநாட்களில் அவர் பம்ப்செட் மெக்கானிக். ஞாயிறு காலைகளில் மைதானத்தில் ஆட்களை ஏற்றிப் பாராசூட் வண்டி ஓட்டுவார். மூன்று சக்கரம், முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கை, முதுகில் இன்ஜினோடு ஒரு பெரிய விசிறி. பின்னால் புல்லில் விரித்த பாராசூட் காற்று நிரம்பி எழுந்தால் வண்டியும் எழும். தெரு அவரைக் 'கேப்டன்' என்றது; பாதி மரியாதை, பாதி கிண்டல். பாராசூட்டை வண்டியோடு இணைக்கும் கயிறுகளைச் சிக்கில்லாமல் பிரித்து வைப்பது மனைவியின் வேலை. அவள் கை தூக்கிய பிறகே கிளம்ப வேண்டும் என்பது இருவருக்கும் இடையே பேச்சு.

போன வருடம் ஒரு ஞாயிறு. வெயில் ஏறினால் காற்று கூடிவிடும், பறக்க முடியாது. வரிசையில் இன்னும் ஐந்து பேர். பின்னிருக்கையில் தெருமுனைத் தையல்கார அம்மா. மனைவி இடப்பக்கக் கயிறுகளை இன்னும் பார்க்கவில்லை. அதற்குள் அவர் வேகத்தைக் கூட்டிவிட்டார். "நில்லுங்க!" என்று அவள் கத்தியது விசிறிச் சத்தத்தில் காணாமல் போயிற்று. சிக்கிய கயிறு பாராசூட்டின் இடது ஓரத்தை மடக்கிப் பிடித்தது. ஓர் ஆள் உயரம் எழும்பிய வண்டி சாய்ந்து கவிழ்ந்தது. அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு. தையல்கார அம்மாவுக்கு இடது கணுக்கால் முறிந்தது.

"என்னாச்சு கேப்டன்?" கூட்டம் சூழ்ந்தது.

வண்டியைத் திருப்புவது காலால் மிதிக்கும் கட்டை. பின்னால் இருப்பவர் காலை நீட்டினால் அதில் படும்.

"அம்மா கால் கட்டைல பட்டுடுச்சு போல," என்றார். யோசித்துச் சொன்னதல்ல, வாயில் வந்துவிட்டது. வந்ததை அவர் திரும்ப எடுக்கவும் இல்லை.

மாவுக்கட்டுப் பிரித்த மறுநாள் தையல்கார அம்மா வீட்டுக்கே வந்துவிட்டாள். "மன்னிச்சிருங்கண்ணே. பயத்துல காலை எங்க வச்சேன்னே தெரியல."

"பரவால்ல, விடும்மா."

அவள் படியிறங்கியதும் மனைவி பிடித்துக்கொண்டாள். "பெரிய மனசு பண்ணி மன்னிச்சிட்டீங்களாக்கும்! யாரு யாருகிட்ட கேக்கணும்?"

"சொல்லிடறேன்."

"எப்ப?"

"சொல்றேன்னு சொல்றேன்ல?"

அதன்பின் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. சோற்றில் கை வைத்தவர் எழுந்து வாசலுக்குப் போவார், திரும்பி வருவார். மைதானத்தில் மனைவி கை தூக்கிய பிறகும் "ரெண்டு பக்கமும் பாத்தியா?" என்று இரண்டு தடவை கேட்பார். ஒரு நாள் பேன்ட் ஒன்றைச் சுருட்டிக்கொண்டு தையல்கடைக்குப் போனார். அங்கே அந்த அம்மா ஒரு கல்லூரிப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "பறக்கப் போறியா? போ. காலை மட்டும் ஒடுக்கி வச்சுக்கோ. என்னால ஒரு நல்ல மனுஷனுக்குக் கெட்ட பேரு."

கேப்டன் வாயைத் திறந்தார். "ஒரு இஞ்ச் குறைக்கணும்," என்றார்.

அடுத்த வாரம் இன்னொரு பேன்ட்.

"சொன்னீங்களா?"

"கூட்டமா இருந்துச்சு."

"இப்படியே போனா அரை டவுசர்லதான் போய்ச் சொல்வீங்க."

தானே சொல்லிவிடலாம் என்று மனைவி பலமுறை செருப்பு மாட்டியிருக்கிறாள். ஆனால் அவள் சொல்லிவிட்டால் அவர் தப்பித்துவிடுவார். அதற்கு அவள் தயாராக இல்லை. சொல்லாமல் இருக்கும் ஒவ்வொரு வாரமும் தனக்கும் இதில் பங்கு ஏறுகிறதோ என்றும் தோன்றும். இருந்தும் செருப்பைக் கழற்றி வைப்பாள்.

தையல்கார அம்மா இப்போதும் இயந்திரத்தை வலது காலால் மட்டுமே மிதிக்கிறாள். இடது காலை நம்ப முடியாதாம். 'உங்க கால் இல்லம்மா, என் அவசரம்.' கேப்டன் அவளுக்குச் சொல்ல வேண்டியது அவ்வளவுதான். இன்னும் சொல்லவில்லை.