சிரிக்கும் கடாவுக்கு இன்னும் ஏழு வருஷம்

சேலத்தில் பல்பொடி தயாரித்து விற்றுவந்த இன்னாசிமேரியின் டப்பாவில் ஒரு செம்மறிக் கடா பல்லைக் காட்டிச் சிரிக்கும். 1960 மே மாதம் அந்தப் படத்தை டிரேட் மார்க்காகப் பதிவு செய்திருந்தார். பதிவு ஏழு வருஷம் செல்லும்.

இந்த ஏழு வருஷ விஷயம் ராசிபுரத்து நாச்சிமுத்துவின் காதுக்கு எட்டியது. அவரும் பல்பொடிக்காரர்தான். பொடி நல்ல பொடி. ஆனால் பெயரில்லாத பொட்டலத்தை யாரும் கேட்டு வாங்கவில்லை. 1967 பொங்கல் முடிந்ததும் இன்னாசிமேரியின் கடைக்கே வந்து, நலம் விசாரிப்பதுபோலக் கேட்டார்.

"ஏனுங்க அக்கா, உங்க கடாவோட ஏழு வருசம் எப்பங்க முடியுது?"

இன்னாசிமேரிக்கு அவர் எண்ணம் புரிந்துவிட்டது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மே பதினெட்டோட முடியுது தம்பி" என்றார்.

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. முடிவதற்குள் மனுப் போட்டுக் கட்டணம் கட்டினால் மேலும் ஏழு வருஷம் கிடைக்கும் என்பதை மட்டும் சொல்லவில்லை. அவர் கேட்கவுமில்லையே! நாச்சிமுத்து படியிறங்கிய மறுநாளே மனு தபாலில் போய்விட்டது.

மே இருபதாம் தேதி வாழப்பாடிச் சந்தையில் நாச்சிமுத்து கடை விரித்தார். ஐந்நூறு டப்பா; ஒவ்வொன்றிலும் சிரிக்கும் கடா. இன்னாசிமேரியின் கடாவைவிட இதற்கு இரண்டு பல் அதிகம்.

சேதி கேட்டு பஸ் ஏறி வந்த இன்னாசிமேரி, புதுப்பித்த சான்றிதழை அவர்முன் நீட்டினார்.

"முடிஞ்சுபோகும்னீங்களேங்க அக்கா?"

"அந்த ஏழு முடிஞ்சிருச்சு. அடுத்த ஏழு ஆரம்பிச்சு ரெண்டு நாளாச்சு."

"அதுவும் முடிஞ்சா?"

"மறுபடியும் ஏழுக்கு எழுதிப் போடுவேன்."

"அப்ப எப்பத்தானுங்க தீரும்?"

"நான் எழுதிப் போட மறந்தாத்தான். எனக்கு ஞாபகம் நல்லா இருக்கு தம்பி."

நாச்சிமுத்து டப்பாக்களின் நடுவே அப்படியே உட்கார்ந்துவிட்டார். அந்த முகத்தைப் பார்த்ததும் இன்னாசிமேரிக்கு மனசு கேட்கவில்லை. அன்றைக்கே சொல்லித் தொலைத்திருக்கலாம். ஒரு சிட்டிகைப் பொடி எடுத்துப் பல்லில் தேய்த்துப் பார்த்தார்.

"பொடி நல்லாத்தானே இருக்கு? உங்களுக்குன்னு ஒரு மார்க் வெச்சுக்கக் கூடாதா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "ஆனை வெக்கட்டுங்களா? அதுக்குப் பல்லு வெளியவே இருக்குதுங்க."

சந்தையை மறந்து இருவரும் சிரித்தார்கள். யானைப் படம் அச்சாகி வந்ததும் இன்னாசிமேரியே ராசிபுரம் போய், ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து கடாவின்மேல் யானையை ஒட்டிக் கொடுத்தார்.

ஐப்பசி மழையில் பசை இளகி, சில டப்பாக்களில் யானையின் வயிற்றுக்குக் கீழே கடாவின் கொம்பு எட்டிப் பார்த்தது. ராசிபுரத்துக்காரர்கள் அந்த டப்பாவைத்தான் தேடித் தேடி வாங்கினார்கள். இன்னாசிமேரி அதைக் கண்டுகொள்ளவில்லை.