கல்லு போட்டாச்சா?

பள்ளிக்கூடத்தில் அவளுக்குக் கல்லு டீச்சர் என்று பெயர். வேதியியல் நடத்துகிறவள். மை கலந்த தண்ணீரைக் குடுவையில் கொதிக்கவைத்து, ஆவியைக் குழாய்த் தண்ணீரால் குளிரவைத்து, பளிங்கு போலச் சொட்டவைக்கச் சொல்லிக்கொடுப்பாள். அடுப்பு மூட்டும் முன் குடுவைக்குள் உடைந்த மண்சட்டித் துண்டு இரண்டைப் போட வேண்டும். அவள் பாஷையில் அதுதான் கல்லு. போட்டால் தண்ணீர் நிதானமாகக் கொதிக்கும். மறந்துவிட்டுச் சூடேறிய பிறகு போட்டால், சீறிக்கொண்டு முகத்துக்கே வரும்.

அதனால் அவள் மேலங்கிப் பையில் எந்நேரமும் கல் கிடக்கும். அந்தக் கல்லால் வீட்டு வாஷிங் மெஷின் இரண்டு முறை படுத்துவிட்டது. தையல்காரரான கணவர் வாயே திறக்கவில்லை. முட்டை பொரிக்கக்கூடப் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு நிற்க வேண்டிய வீட்டில் அவர் வாய் திறந்து என்ன ஆகப்போகிறது!

வகுப்பிலும் அடுப்பு மூட்டும் முன் ஒரு சடங்கு உண்டு.

"கண்ணாடி?"

"மாட்டியாச்சு டீச்சர்!"

"குழாய்த் தண்ணி?"

"ஓடுது டீச்சர்!"

"கல்லு?"

"போட்டாச்சு டீச்சர்!"

பக்கத்து அறையில் வரலாறு நடத்துகிறவர் காதில் பஞ்சு வைத்துக்கொள்வார்.

எங்கோ ஒரு பள்ளியின் ஆய்வகம் தீப்பிடித்தது. உடனே மேலிடத்துக்கு ஒரு யோசனை: ஆய்வகத்தைப் பூட்டிவிட்டுப் பரிசோதனையைப் பலகையில் வரைந்து காட்டினால் போதாதா? பார்த்து முடிவு சொல்ல ஓர் அதிகாரி வருவதாகச் செய்தி வந்தது. ஹெட்மாஸ்டர் கயிற்றைக் கண்டாலும் பாம்பென்று ஓடுகிறவர். முன்கூட்டியே பூட்டு வாங்கி வைத்துவிட்டார். கல்லு டீச்சருக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. அந்த அறையைப் பூட்டினால் தன்னைப் பூட்டியது போலத்தான் அவளுக்கு.

அதிகாரி வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். ஹெட்மாஸ்டர் பிள்ளைகளைப் பார்த்து விரலை ஆட்டினார். "ஒருத்தரும் மூச்சு விடக் கூடாது. டீச்சர், நீங்களும் கேள்வி கீள்வி கேட்டு வைக்காதீங்க."

சடங்கு இல்லாமலே அடுப்பு எரிந்தது. குடுவை சூடேறியது. ஆனால் ஒரு குமிழிகூட எழவில்லை. கைக்குட்டைக்காகப் பைக்குள் கைவிட்ட கல்லு டீச்சருக்குக் கற்கள் தட்டுப்பட்டன. போடவே இல்லை! பதற்றத்தில் புத்தி கெட்டு, ஒரு கல்லை எடுத்துக்கொண்டு குடுவை மூடியைத் திறக்கப் போனாள்.

பிள்ளைகள் அவள் கையைப் பார்த்தார்கள். ஹெட்மாஸ்டரைப் பார்த்தார்கள். அவர் உதட்டில் விரல்.

"கல்லு போடலை டீச்சர்! இப்பப் போடாதீங்க! அடுப்ப அணைங்க!"

கூரை அதிர்ந்தது. வகுப்பு மொத்தமும் பழகியபடி பின்னுக்கு நகர்ந்தது. முன்னால் அதிகாரி மட்டும் தனியே இருந்தார். யாரோ ஒருத்தி வந்து அவர் நாற்காலியையும் பின்னுக்கு இழுத்தாள்.

கல்லு டீச்சர் அடுப்பை அணைத்தாள்.

"போட்டிருந்தா என்ன ஆயிருக்கும்?" என்றார் அதிகாரி.

"உங்க சட்டை போயிருக்கும் சார்," என்றது ஒரு குரல். "டீச்சர் மூஞ்சியும்."

ஹெட்மாஸ்டர் பூட்டைக் கையில் எடுத்துக்கொண்டார். "நான் அப்பவே சொன்னேன் சார். பேசாம பலகையில..."

"பலகையில வரைஞ்சு காட்டியிருந்தா இவங்க இப்படிக் கத்தியிருப்பாங்களா?" என்றார் அதிகாரி. "அந்தப் பூட்ட உங்க வீட்டுக்குக் கொண்டுபோங்க. தண்ணி ஆறட்டும். நான் பாத்துட்டுத்தான் போவேன்."

கல்லு டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது. கண்ணாடி மாட்டியிருந்ததால் துடைக்கவும் வழியில்லை.

குடுவை நன்றாக ஆறிய பிறகு இரண்டு கற்களைப் போட்டாள். தீக்குச்சியை எடுத்தாள். குரலைச் சரிசெய்துகொண்டு கேட்டாள்.

"கல்லு?"

பிள்ளைகள் பயந்துபோய் ஹெட்மாஸ்டரைப் பார்த்தார்கள். அவர் பூட்டைச் சட்டைப்பைக்குள் தள்ளினார். இரண்டடி பின்னுக்கு நகர்ந்தார்.

"போட்டாச்சு டீச்சர்," என்றார்.