முதல் சுற்று

ஆராய்ச்சிக்குப் போகும் முன் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் மூன்று வருடம் தரம் பார்க்கும் வேலையில் இருந்தேன். காலையில் லேத் ஓடத் தொடங்கியதும் வரும் முதல் ஐந்து பீஸை நாங்கள் அளப்பதே இல்லை. மெஷின் சூடேறும்வரை அளவு நிற்காது என்று நேராகக் கழிவுக்கான சிவப்புத் தொட்டியில் போட்டுவிடுவோம்.

அந்தப் பழக்கத்தோடுதான் பெங்களூருக்குப் படிக்கப் போனேன். செல்போன் ஒவ்வொருவர் கையாக வந்துகொண்டிருந்த வருடங்கள். ஓசூரிலிருந்து தினமும் பஸ். அதே பஸ்ஸில் கெலமங்கலத்துப் பெண் ஒருத்தியும் வருவாள், எங்கள் துறையில் எனக்கு இரண்டு வருடம் ஜூனியர். வேறொரு நட்சத்திரத்தைச் சுற்றும் கோளுக்கு, அதன் உடம்பைத் தாண்டியும் ஹைட்ரஜன் வாயு பரவிக் கிடக்கிறதா என்று தேடுவது அவள் வேலை. கோள் குறுக்கே வரும்போது நட்சத்திரத்தின் ஒளி கொஞ்சம் மங்கும். வாயு வெகுதூரம் பரவியிருந்தால், கோள் வந்து சேரும் முன்பே மங்கத் தொடங்கிவிடும். விண்வெளித் தொலைநோக்கியின் பழைய பதிவுகளில் அவள் அதைத் தேடினாள். அந்த வருடத்துக்குள் ஏதாவது கிடைக்காவிட்டால் உதவித்தொகை நீளாது, வீட்டிலும் அதற்குமேல் விடமாட்டார்கள்.

ஒரு நாள் ஜூஜுவாடி நெரிசலில் பஸ் நின்றபோது வரைபடத்தை எடுத்துக் காட்டினாள். தொலைநோக்கி பூமியைச் சுற்றிக்கொண்டே பார்க்கும்; ஒரு பதிவுக்குப் பல சுற்றுகள். மூன்று பதிவிலும், கோள் குறுக்கே வரும் முன்பே, முதல் சுற்றிலேயே ஒளி குறைந்திருந்தது.

"முதல் சுற்றைத் தூக்கிப் போடும்மா. கருவி இன்னும் செட்டில் ஆகியிருக்காது" என்றேன்.

"மூணு தடவையும் இப்பிடியேதான் இருக்குதுண்ணா. ஒரு வாட்டி செக் பண்ணிப் பாக்கலாமே?"

"மூணு வருஷம் மெஷின் பாத்தவன் சொல்றேன்."

பெரிய மேதாவி நான்! பேராசிரியரிடமும் போய் அதையே சொன்னேன். அவரும் சரியென்றார். அவள் முதல் சுற்றை நீக்கினாள். மிச்சமிருந்ததில் கோளின் உடம்பு மட்டும்தான் தெரிந்தது. உதவித்தொகை நின்றது, படிப்பை விட்டுவிட்டுப் போனாள்.

இரண்டு வருடம் கழித்து வேறு வேலையாக அதே பதிவுகளைத் திறந்தேன். கருவியின் கோளாறு என்றால் எல்லா நிறத்திலும் ஒளி குறைந்திருக்க வேண்டும். ஹைட்ரஜனுக்குரிய நிறத்தில் மட்டும்தான் குறைந்திருந்தது. பக்கத்து நிறங்களில் ஒரு மாற்றமும் இல்லை. இதைப் பார்க்க எனக்குப் பத்து நிமிடம் ஆனது. அந்தப் பத்து நிமிடத்தை அன்றைக்கு நான் அவளுக்குக் கொடுக்கவில்லை.

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் தரப் பிரிவில் இருக்கிறாள் என்று விசாரித்து, ஷிப்ட் விடும் நேரத்துக்கு வரைபடத்தை எடுத்துக்கொண்டு போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். கேட் வாசலில் என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"நல்லா இருக்கீங்களாண்ணா? இங்க வந்தப்புறம்தான் எனக்குப் புரிஞ்சுது. முதல் அஞ்சு பீஸு அளவுல நிக்கறதே இல்ல. அன்னிக்கு நீங்க சொன்னதுதான் சரி. நான்தான் வீணா அடம் பிடிச்சேன்."

வரைபடம் பையிலேயே இருந்தது. நான் தலையாட்டினேன்.