சாம்பிள் பாப்பா

அந்த ஸ்டூடியோ இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போக வேறு வழியும் இருக்கிறது. வெயிலில் கொஞ்சம் சுற்ற வேண்டும். நான் சுற்றித்தான் போகிறேன்.

மகள் தவழ ஆரம்பித்த சமயத்தில் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். ஸ்டூடியோக்காரன் என் கணவருடைய சிநேகிதரின் தம்பி. கோப்பையிலும் பனியனிலும் போட்டோ அச்சடிக்கும் மெஷின் ஒன்று வாங்கி வைத்திருந்தான். கம்பெனியில் யாராவது சூப்பர்வைசர் மாற்றலாகிப் போனால், அவர் லைனில் வேலை செய்த ஆட்கள் எல்லோரும் நிற்கிற படத்தைக் கோப்பையில் போட்டுக் கொடுப்பார்கள். பென்னலூர்ப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த தெற்கத்திப் பையன்கள், தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது அம்மா அப்பா படம் போட்டு வாங்கிப் போவார்கள். இதையே இன்டர்நெட்டில் கடை போட்டு விற்றால் வெளிநாட்டிலிருந்துகூட ஆர்டர் வரும் என்று யாரோ அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். வெப்சைட்டும் தயாராகிவிட்டது. அவனுக்கு இங்கிலீஷ் மட்டும் வராது. நான் பி.ஏ. இங்கிலீஷ். வீட்டில் சும்மா இருந்தேன்.

ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு பெயர், நாலு வரி வர்ணனை, ஒரு விலை. அதுதான் என் வேலை. மேலே சாம்பிள் படம் போடுவது அவன் பொறுப்பு. மகளைப் பக்கத்தில் பாயில் விட்டுவிட்டு டைப் அடிப்பேன்.

"வெறும் கப்புன்னு போட்டா எவன்க்கா வாங்குவான்? பேர் வெய். பாப்பாவுக்கு வெச்ச மாதிரி வெய்" என்பான்.

வைத்தேன். வெந்நீர் ஊற்றினால் படம் தெரியும் கோப்பைக்கு ஒரு பெயர், இதய வடிவச் சாவிக்கொத்துக்கு ஒரு பெயர். எழுதியது பொய்யாகிவிடுமோ என்று எனக்கு எப்போதும் பயம். 'எத்தனை கழுவினாலும் படம் போகாது' என்று எழுதுவதற்கு முன்னால் ஒரு கோப்பையை வீட்டுக்கு எடுத்துப் போய், பாத்திரம் தேய்க்கும் பவுடரும் கம்பி நாருமாகத் தேய்த்துப் பார்த்தேன். போகவில்லை. அதற்கப்புறம்தான் அந்த வரியைச் சேர்த்தேன். அவன் சிரித்தான். விலையில் மட்டும் என் பேச்சு எடுபடவில்லை. நூற்றைம்பது என்று நான் போட்டால் அவன் வந்து நூற்று நாற்பத்தொன்பது ஆக்குவான்.

மகளுக்கு முதல் பிறந்த நாள் வந்தபோது, "பாப்பாவ ஒரு போட்டோ எடுக்கட்டுமாக்கா?" என்று கேட்டான். எடுத்துக்கொள் என்றேன். மஞ்சள் கவுன், கன்னத்தில் பெரிய மைப்பொட்டு. கண்ணேறில் எனக்கு நம்பிக்கை உண்டா என்று கேட்டால் தெரியாது. பொட்டு வைக்காமல் அவளைத் தூக்கிக்கொண்டு வாசல் தாண்டினால் நெஞ்சு அடித்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு மெயில் வந்தது. கோப்பைக்கு ஆர்டர் கொடுத்திருந்த ஒரு அம்மாள் எழுதியிருந்தார்: எங்கள் படம் எதுவும் அச்சடிக்க வேண்டாம், சாம்பிளில் இருக்கும் குழந்தையையே போட்டு அனுப்புங்கள், மருமகளுக்கு ஏழாம் மாதம்.

பிள்ளைத்தாய்ச்சி கண் விழிக்கிற இடத்தில் அழகான குழந்தைப் படம் மாட்டுவது எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. எனக்கும் மாமியார் ஒரு காலண்டர் மாட்டினார். ரோஸ் நிறக் குழந்தை, நீலக் கண். நான் பெற்றதோ என்னைப் போலவே கறுப்பு. "காலண்டர ஒயுங்கா பாத்தியாம்மா நீ?" என்று ஆஸ்பத்திரியிலேயே கேட்டார் மாமியார். விளையாட்டாகக் கேட்டாராம்.

எந்த சாம்பிள் என்று பார்க்க அந்தப் பக்கத்தைத் திறந்தேன். என் நாலு வரிக்கு மேலே வெள்ளை வெளேரென்று ஒரு குழந்தை. எங்கிருந்தோ எடுத்துப் போட்டிருக்கிறான் என்றுதான் நினைத்தேன். மெயிலுக்குப் பதில்கூட அடிக்க ஆரம்பித்துவிட்டேன். அப்புறம்தான் கவுனின் இரண்டாவது பொத்தான் கண்ணில் பட்டது. மஞ்சள் நூல் தீர்ந்துபோய் நான் சிவப்பு நூலில் தைத்த பொத்தான்.

"இது யாரு?" என்று கேட்டேன்.

"நம்ம பாப்பாதான்க்கா. லைட்டா வேல பண்ணிகீறேன். கன்னத்துல கறுப்பா இருந்திச்சில்ல, அத்த தூக்கிட்டேன். கலரு கொஞ்சம் ஏத்திட்டேன். சூப்பரா வந்துகீது பாரு."

"என்னக் கேட்டியா?"

"போட்டோ எடுக்கச்சொல்ல கேட்டேனே. உங்க பாப்பான்னு ஒருத்தனும் கண்டுபுடிக்க மாட்டான்க்கா. நீயே கண்டுபுடிக்கலியே."

பாதி அடித்திருந்த பதிலை அழித்தேன். அவன் அதைக் கவனிக்கவில்லை. மெயிலைப் பார்த்த சந்தோஷத்தில் இருந்தான்.

"இத்த ஒரு தனி ஐட்டமாவே போட்லாம்க்கா. மாசமா கீறவங்களுக்குன்னே. நல்லதா ஒரு பேர் வெய். வெல எரநூத்தி நாப்பத்தொம்போது."

"அதுக்கு மட்டும் ஏன் நூறு ரூபா ஜாஸ்தி?"

"கொழந்த அழகா கீதுல்ல."

கடையில் காட்டுவதற்காக அவன் அந்தப் படத்தை அச்சடித்து வைத்திருந்த கோப்பைகளில் ஒன்றை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டு, மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வழியெல்லாம் என்னையே கேட்டுக்கொண்டேன்: ஒரு படத்துக்கு இவ்வளவு ஆத்திரம் வேண்டுமா? ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவரும் அதையேதான் கேட்டார்.

"மூஞ்சிதான? தேஞ்சா பூடும்? அவன் அண்ணன் மூஞ்சில நான் முழிக்க வாணாவா?"

மாமியார் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என் மடியில் இருந்தவளைப் பார்த்தார். "நல்லாத்தான் கீது" என்றார், மெதுவாக. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

"அப்போ அத நீங்க வெச்சுக்குங்க. இவள நான் கூட்டிகினு எங்கம்மா வூட்டுக்குப் போறேன்" என்றேன். அந்த வீட்டில் நான் அப்படிப் பேசியது அதுவே முதல் தடவை. கணவர் சோற்றில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றிக்கொண்டார். மாமியார் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "இன்னா சொல்லிட்டேன்னு இப்டி குதிக்கிற?" என்றார்.

மறுநாள் காலை ஸ்டூடியோ திறந்ததுமே போய் உட்கார்ந்தேன். பாஸ்வேர்டு என்னிடம்தான் இருந்தது. வெப்சைட்டிலிருந்து சாம்பிள் படத்தை நீக்கினேன். அவன் ஆசையாகத் திறந்து வைத்திருந்த புது ஐட்டத்தில் பெயர், வர்ணனை, விலை மூன்றும் காலியாக இருந்தன. அதையும் அழித்தேன். கம்ப்யூட்டரில் இருந்த படத்தையும் தேடி அழித்தேன்.

"ஒரு போட்டோவுக்குப் போயி இன்னாக்கா இது? பொயப்புல மண்ணப் போடுற" என்றான்.

"அச்சடிச்சதெல்லாம் எங்க?"

ஒரு அட்டைப்பெட்டியைக் காட்டினான். அதைத் தூக்கிக்கொண்டேன்.

"ஆர்டர் குடுத்த அந்தம்மாவுக்கு?"

"நேத்தே கொரியர்ல போட்டுட்டேன்."

பெட்டியோடு வெளியே வந்தேன். அத்தோடு அந்த வேலை போயிற்று. நான் எழுதிய பெயர்களையும் வரிகளையும் அவன் வெப்சைட்டிலிருந்து நீக்கவில்லை என்று பிறகு ஒருநாள் பிரவுசிங் சென்டரில் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

வீட்டில் அந்தக் கோப்பைகளை என்ன செய்வது என்று தெரியவில்லை. உடைக்கலாம் என்று ஒன்றை ஓங்கினேன். முகத்தைப் பார்த்ததும் கை வரவில்லை. குப்பையில் போடவும் மனம் இல்லை. யாருக்கும் கொடுக்கவும் முடியாது. கொல்லையில் உட்கார்ந்து, பவுடரும் கம்பி நாரும் எடுத்துக்கொண்டு தேய்க்க ஆரம்பித்தேன். விரல் நுனி எரிகிற வரைக்கும் தேய்த்தேன். பொட்டில்லாத அந்த வெள்ளைக் குழந்தை அப்படியே சிரித்துக்கொண்டிருந்தது. நான் எழுதியது பொய்யில்லை.

பெட்டி இன்னும் பரணில் இருக்கிறது. போய்விட்ட அந்த ஒரு கோப்பையை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. ஏழாம் மாதம் என்றார்கள். யாரோ ஒருத்தி தினமும் காலையில் அதில் கண் விழித்திருப்பாள். பிறந்ததைத் தூக்கிப் பார்த்துவிட்டு அவளுடைய மாமியார் என்ன கேட்டாரோ.