நடங்கம்மாவும் லிஃப்ட்காரரின் கால்களும்

நடங்கம்மாவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் அந்த வட்டாரத்தில் ஒருவரும் வழிகாட்ட மாட்டார்கள். அவள் பிசியோதெரபி பார்க்கிறவள். இடுப்பு உடைந்தவர், மூட்டு மாற்றியவர், பக்கவாதத்திலிருந்து மீண்டவர் என்று வயதானவர்களின் வீடு வீடாகப் போய், "நடங்கம்மா, நடங்கய்யா, தரையை என்ன பார்க்கறீங்க, காசா கொட்டிக் கிடக்கு, முன்னால பார்த்து நடங்க" என்று விரட்டுவதுதான் வேலை. ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் கடுப்பில், "வந்துட்டா பாரு நடங்கம்மா" என்று முணுமுணுக்கப் போக, அதுவே நிலைத்துவிட்டது. அவளும் கோபித்துக்கொள்ளவில்லை. இதைவிட மோசமான பெயரெல்லாம் வாங்கியிருக்கிறாள்.

ஊருக்கே விடுமுறை என்றால் அவளுக்கு மட்டும் கவலை பிடித்துக்கொள்ளும். காரணம், பிள்ளைகள். கெட்ட பிள்ளைகள் என்று நினைத்துவிடாதீர்கள். தங்கமான பிள்ளைகள், அதுதான் தொல்லையே! வருஷம் முழுக்கத் தூரத்தில் இருந்துவிட்டு, ஆண்டுக் கடைசி விடுமுறைக்குப் பெட்டியோடு வந்து இறங்குவார்கள். வந்ததும் வராததுமாக அப்பாவையோ அம்மாவையோ சோபாவில் உட்கார வைத்து, "நீங்க அசையாதீங்க, எல்லாம் நாங்க பார்த்துக்கறோம்" என்பார்கள். தண்ணீர் கைக்கு வரும், தட்டு மடிக்கு வரும். பேச்சு சுவாரசியத்தில் மாத்திரை மறந்துபோகும், இனிப்பு மட்டும் மறக்காது. கடைசியில் கையசைத்துவிட்டு அவர்கள் ரயிலேறும்போது பார்த்தால், சர்க்கரை ஏறியிருக்கும், கால் இறங்கியிருக்கும். அவள் மாதக்கணக்கில் தொண்டை வறளக் கத்தியதெல்லாம் தண்ணீரில் போட்ட உப்புதான்.

அதனால் விடுமுறையில் யாரும் கூப்பிடாமலே ஒரு சுற்று வருவாள். இந்தத் தடவையும் செருப்பை மாட்டும்போது அவள் கணவர் கேட்டார்.

"ஊரே கால்நீட்டிப் படுத்திருக்கு. உனக்கு மட்டும் காலில என்ன சக்கரமா?"

"ஆமா. கழட்டி வச்சுட்டு நான் பாத்திரம் தேய்க்கிறேன், நீங்க போய் லிஃப்ட்காரரை நடக்க வைங்க. முடியுமா?"

மனிதர் பாத்திரம் தேய்க்கச் சமையலறைப் பக்கம் போய்விட்டார்.

லிஃப்ட்காரர் என்பவர் அந்த நகரத்தில் பாதிக் கட்டடங்களின் லிஃப்டைப் பழுது பார்த்தவர். குடியிருப்பதோ லிஃப்டே இல்லாத கட்டடத்தில், மூன்றாம் மாடியில்! இதைச் சொல்லிச் சொல்லி அவரே விழுந்து விழுந்து சிரிப்பார். மனைவி போன பிறகும் அந்த வீட்டை விட்டு நகரவில்லை. கீழே இருக்கிற பார்பர் கடைதான் அவருடைய சபை. போன வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். "தனியா மாடி ஏறி இறங்கினா இங்க இருங்க, இல்லேன்னா எங்ககூட வாங்க" என்று மகளும் மகனும் அப்போதே சொல்லிவிட்டார்கள். மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு, நடங்கம்மாவைத் திட்டிக்கொண்டு, கடைசியில் படி இறங்கிப் பார்பர் கடைக்குப் போய் உட்கார்ந்தார். கடையே கைதட்டியது.

அப்படிப்பட்ட மனிதர், விடுமுறைக்கு மகளும் மகனும் வந்திருக்க, இன்று தலையணைகளுக்கு நடுவே சாய்ந்து கிடந்தார்.

"எழுந்திரிங்க ஐயா, நாலு எட்டு வைங்க" என்றாள் நடங்கம்மா.

"முடியலைம்மா. கால் கேக்க மாட்டேங்குது."

மகன் ஓடிவந்து தோள் கொடுத்தான். லிஃப்ட்காரர் எழுந்தார், இரண்டு எட்டு வைத்தார், முழங்கால் வெடவெடவென்று ஆட மகன் மேலேயே சாய்ந்துவிட்டார். மகன் குழந்தையை அணைப்பதுபோல் அணைத்து உட்கார வைத்தான்.

நடங்கம்மாவுக்குத் தலைக்கு மேல் கோபம் ஏறியது. கோபம் வந்தால் அவளுக்குக் கை ஓடாது, வாய்தான் ஓடும். தொடைத் தசை தளர்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. விடுமுறை வந்தால் கால் போகும் என்று அவளே முடிவுகட்டி வைத்திருந்தாளே!

"பூ மாதிரி பார்த்துக்கறேன்னு ஆளையே முடக்கிட்டீங்களே! போன வாரம் படி இறங்கின மனுஷன்!" என்று பொரிந்து தள்ளினாள்.

மகள் அவளைச் சமையலறைக்குள் அழைத்துப் போனாள். கண் கலங்கியிருந்தது.

"நாங்க வந்த மறுநாளே இப்படி ஆயிட்டார் மேடம். ராத்திரியெல்லாம் தம்பியும் நானும் தூங்கலை. என் வீட்டுப் பக்கத்துல ஒரு முதியோர் இல்லம் பார்த்திருக்கோம். நல்ல இடம். லீவு முடியறதுக்குள்ள சேர்த்துட்டு, இந்த வீட்டைக் காலி பண்ணிடலாம்னு இருக்கோம். அப்பாகிட்ட இன்னும் சொல்லலை. நீங்க என்ன சொல்றீங்களோ அதான்."

என்ன சொல்வாள்? மூன்று மாடி, தனி வீடு, அந்தக் கால். "சரிதாம்மா" என்று தலையாட்டிவிட்டாள்.

அக்காவும் தம்பியும் கடைக்குக் கிளம்ப, அவளும் கூடவே இறங்கினாள். அவர்கள் கார் போன பிறகுதான் பயிற்சிப் பட்டைகள் இருந்த பையை மேலேயே விட்டுவிட்டது ஞாபகம் வந்தது. தன்னையே நொந்துகொண்டு மறுபடி ஏறினாள். அப்பாவால் எழுந்து வந்து திறக்க முடியாதே என்று மகள் கதவைப் பூட்டாமல் வெறுமனே சாத்தியிருந்தாள். நடங்கம்மா தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

சோபா காலி.

சமையலறையில், மகள் ஒளித்துவைத்த பிஸ்கட் டப்பாவை அலமாரி உச்சியிலிருந்து எடுக்க, லிஃப்ட்காரர் நுனிக்காலில் நின்றுகொண்டிருந்தார். ஊன்றுகோல் இல்லை, ஆட்டமில்லை. இரண்டு குதிகாலும் அவள் சொல்லிக்கொடுத்தபடியே அழகாக உயர்ந்திருந்தன.

"இன்னும் கொஞ்சம் தூக்குங்க ஐயா, எட்டிடும்."

டப்பா தடாலென்று விழுந்தது. கையும் களவுமாகப் பிடிபட்ட மனிதர் திருதிருவென்று விழித்தார்.

"கத்தாதம்மா. உனக்குப் புண்ணியமாப் போகும்."

"கத்தாம? நானே ஏமாந்துட்டேனே! என்ன நாடகம் இது?"

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

"பையன் வந்த மறுநாள் நிஜமாவே கால் கொஞ்சம் பிடிச்சுக்கிச்சு. ஓடிவந்து கையைப் பிடிச்சான். ஸ்கூலுக்குப் போறப்ப ரோடு தாண்டப் பிடிச்ச கைம்மா அது. அப்புறம் எங்க பிடிச்சான்? வந்தா தோளைத் தட்டுவான், போறப்ப டாட்டா காட்டுவான். உட்கார்ந்தா போனைத்தான் நோண்டுவான். என்னைப் பிடிச்சுட்டு நடக்கறப்ப போனைப் பார்க்க முடியலை பாரு, பேசறான். ஆபீஸ்ல அவனுக்கு என்ன கஷ்டம், எதுக்குத் தூக்கம் வரலை, எல்லாம் சொல்றான். பாத்ரூம் இங்கதானே இருக்கு, எவ்வளவு தூரம் வந்துடும்? அதான் மெதுவா நடந்தேன்."

இந்த மனிதரைத் திட்டுவதா, கட்டிக்கொண்டு அழுவதா என்றே நடங்கம்மாவுக்குப் புரியவில்லை. ஆனாலும் விஷயத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது.

"ஐயா, அவங்க உங்களை இல்லத்துல சேர்க்கப் போறாங்க. வீட்டையும் காலி பண்றாங்க. நானும் சரின்னு தலையாட்டிட்டேன். நீங்க நடிச்ச லட்சணம் அப்படி."

அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"இந்த வீட்டை விட்டா? ஐயையோ, நான் போக மாட்டேன்மா. நீயே அவங்ககிட்ட நாசூக்கா சொல்லிடேன்."

"மாட்டேன். நடிச்சது நீங்க, ஒத்துக்க வேண்டியதும் நீங்க. எழுந்திரிங்க, கீழ போகலாம்."

லிஃப்ட்காரர் இறங்கினார். கம்பியை லேசாகத் தொட்டபடி, ஒவ்வொரு மாடி வளைவிலும் "வேற வழியே இல்லையாம்மா?" என்று கெஞ்சியபடி இறங்கினார். அவர் வாசலுக்கு வரவும் கார் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா தன் பாட்டுக்கு நடந்து காரின் அருகே வந்து, தலையைக் குனிந்துகொண்டு, "கால் நல்லாத்தான் இருக்கு. சும்மா சொன்னேன்" என்றார்.

மகள் அழுகையும் சிரிப்புமாக அவரை ஒரு அடி அடித்தாள். அடித்த கையோடு அந்த இல்லத்துக்குப் போன் போட்டு, "வேண்டாங்க, எங்கப்பா எங்கயும் வரலை" என்று சொல்ல ஆரம்பித்தாள்.

மகன்தான் அசையவில்லை. அவன் முகம் சிவந்திருந்தது.

"எதுக்குப்பா? நாங்க பயந்து செத்தது உங்களுக்கு விளையாட்டா?"

லிஃப்ட்காரர் நடங்கம்மாவைப் பார்த்தார். அவள் வாயைத் திறப்பதாக இல்லை.

"கேக்கறேன்ல? இவ்வளவு நாளா தாங்கித் தாங்கிப் பிடிச்சேனே, என் கை உங்களுக்கு வேண்டவே வேண்டாமா அப்போ?"

"நடக்கறதுக்கு வேண்டாம்டா" என்றார் லிஃப்ட்காரர். சொல்லிவிட்டுக் கையை நீட்டினார்.

மகன் அந்தக் கையைப் பார்த்தான். பிறகு கடைப் பைகளைத் தெருவிலேயே போட்டுவிட்டு, அதைப் பிடித்துக்கொண்டான்.