மே மாதத்தில் ஒலித்த மணி

நான் ஒரு பெண்ணை வரலாற்றிலிருந்து வெளியேற்றினேன். பெயரை அடித்து அல்ல. ஒரு தேதியை மாற்றி. தெரிந்தே செய்தேன்.

உங்கள் அலமாரியிலும் அந்த நூல் இருக்கலாம். டெல்லி ஓக்லாவில் தொலைபேசி இணைப்பகக் கருவிகள் செய்யும் நிறுவனத்தின் வரலாறு. நிறுவனர் குமரவேலின் படம் போட்ட கெட்டி அட்டை. எழுதியவன் நான். அவர்களுடைய இணைப்பகத்தில் முதல் மணி ஒலித்தது ஜனவரியில் என்று படித்திருப்பீர்கள். பொய்!

மே மாதம். கரோல் பாகில் ஒரு மொட்டைமாடி அறை. வெளிநாட்டு இணைப்பகங்கள் ஏ.சி. இல்லாமல் ஓடாது, கிராமத்தில் ஏ.சி.க்கு எங்கே போவது? வெயிலிலும் புழுதியிலும் ஓடக்கூடிய ஒன்றை வடிவமைத்தவர் வசந்தா, குமரவேலின் கூட்டாளி. மின்விசிறியை நிறுத்தி, ஜன்னல்களைத் திறந்து, அனல்காற்றை உள்ளே விட்டு, ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு சோதித்தார். பிற்பகலில் எதிர்மேசைத் தொலைபேசி ஒலித்தது. குமரவேல் அன்று கோவையில், தங்கையின் கல்யாணப் பந்தியில்!

வசந்தா சொன்னதை அப்படியே நம்பிவிடவில்லை. கீழ்வீட்டுக்காரரைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். கல்யாணம் எந்த மாதம் என்று கோவைக்குப் பேசி உறுதி செய்தேன். நான் அப்படிப்பட்டவன். பிறர் நூல்களில் தேதிப் பிழை கண்டால் தூக்கம் வராது.

பிறகு கைப்பிரதி குமரவேலிடம் போனது.

“ஏனுங்க சார், இதென்னங்க மே மாசம்னு போட்டிருக்கீங்க? நம்ம ஆபீஸ்ல வருசா வருசம் என் பொறந்தநாளைக்குத்தானுங்களே முதல் மணி நாள்?”

அங்கே அப்படியொரு வழக்கம். ஜனவரியில் அவர் பிறந்தநாளன்று எல்லா மேசைத் தொலைபேசிகளும் ஒரே நேரத்தில் அலறும், ஒன்றை அவர் எடுத்து ‘ஹலோ’ என்பார், கைதட்டல், லட்டு. லட்டுக்கு ஏற்றபடி வரலாறு வளைய வேண்டுமாம்!

“ஜனவரியில வசந்தா மேடம் பிரசவத்துக்குப் போயிருந்தாங்களே...” என்றேன்.

“அவங்க பேரை எடுக்கச் சொன்னேனுங்களா? தேதியை மட்டும் மாத்துங்க. புஸ்தகம் வரோணுமில்ல?”

மாற்றினேன். அவ்வளவுதான், வசந்தாவை அகற்ற வேறெதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை! ஆஸ்பத்திரியில் இருக்கும் பெண் கரோல் பாக் மாடியில் எப்படி நிற்க முடியும்? தேதி நகர்ந்ததும் அவர் தானாகவே அறையை விட்டுப் போய்விட்டார். தொலைபேசியை யாராவது எடுக்க வேண்டுமே... குமரவேலின் கையை வைத்தேன்.

ஏன்? அட்டையில் என் பெயர் அச்சாக வேண்டும். இந்த அற்ப ஆசைக்குமேல் ஒரு காரணமும் இல்லை.

உங்கள்மீதும் எனக்குக் கோபம் உண்டு. வெயிலைத் தாங்குகிறதா என்ற சோதனையை டெல்லியில் ஜனவரியிலா செய்வார்கள்? ரஜாய்ப் போர்வைக்குள் நடுங்கும் மாதத்தில்! ஒருவராவது கேட்டீர்களா? என் துல்லியத்தை அல்லவா பாராட்டினீர்கள்! ...இல்லை. பழியை உங்கள்மேல் போடுவதும் என் கோழைத்தனத்தின் இன்னொரு முகம்தான்.

ஏனென்றால், இன்னொரு வாய்ப்பும் எனக்குக் கிடைத்தது. அண்மையில் அந்த முதல் கருவியை ஒரு கண்காட்சியில் வைத்தார்கள். ஏற்பாடு செய்த இளைஞன் தொலைபேசியில் அழைத்தான். “அங்கிள்ஜி, வசந்தா மேடம் மே மாதம் என்கிறார், உங்கள் நூல் ஜனவரி என்கிறது. பலகையில் யார் பெயரை எழுதட்டும்?” என்று இந்தியில் கேட்டான்.

ஒரு சொல் போதும். மே.

“நூலில் உள்ளபடியே எழுதுங்கள்” என்றேன்.

திறப்பு நாளில் வசந்தா வந்திருந்தார், டெல்லியிலேயே வளர்ந்த மகளுடன். மகள் பலகையைப் படித்தாள்.

“அரே, ஜனவரியா? அம்மா, நான் பொறந்த மன்த் அது! நீ அப்போ ஹாஸ்பிட்டல்ல இருந்தே, ஹை நா? குமரவேல் அங்கிள் நேம் மட்டும் இருக்கு. நீ சொன்னதெல்லாம் என்ன, கஹானியா, கட்டுக்கதையா?”

வசந்தா என்னைப் பார்த்தார். குமரவேல் சற்றுத் தள்ளி, மாலையோடு நின்றிருந்தார்.

“இவர்தான்டி புஸ்தகம் எழுதின சுந்தரம் சார். சார், நீங்களே சொல்லுங்க இவகிட்ட. எந்த மாசம்?”

மகள் என் முகத்தையே பார்த்தாள். அவளுக்குத் தேவைப்பட்டது வரலாறு அல்ல; தன் தாய் பொய் சொல்லவில்லை என்ற ஒரே ஒரு உறுதி.

“குறிப்பெல்லாம் வீட்ல இருக்கும்மா... பாத்துச் சொல்றேன்” என்றேன்.

வசந்தா சிரித்தார். “பாத்துச் சொல்லுவாராம்! வாடி, மெட்ரோல கூட்டம் ஏறிடும்.”

போய்விட்டார்கள். பார்க்க என்ன இருக்கிறது எனக்கு? மே மாதம்தான். உங்களிடம் சொல்லிவிட்டேன், நீங்கள் முன்பின் தெரியாதவர், அதனால் முடிந்தது. அந்தப் பெண்ணிடம் இன்னும் சொல்லவில்லை... அவள் அம்மாவின் எண் என் கைபேசியில் இருக்கிறது.