பதினோராவது கோரிக்கை

எங்கள் ஊர் கடலோரத்தில் இருந்திருக்கலாம் என்று நான் பல தடவை நினைத்ததுண்டு. புயல் அடித்தாலாவது சென்னையிலிருந்து யாராவது எட்டிப் பார்ப்பார்கள். இங்கே ஊர் முழுக்கப் பனியன் கம்பெனியும், வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடும்தான். "அவங்களுக்கென்ன, டாலர்ல சம்பாதிக்கிறவங்க" என்று ஒரே பேச்சில் ஒதுக்கிவிடுவார்கள். அந்த டாலரைக் கண்ணால்கூடப் பார்க்காத ஜனம்தான் என் வார்டில் முக்கால்வாசி.

நான் கவுன்சிலர் ஆனதே ஒரு கூத்து. பதினாறு வருடம் பனியன் கம்பெனியில், தைத்து வருவதைச் சரிபார்க்கிற செக்கிங் செக்ஷனில் நின்று நின்று கால் வீங்கினவள். வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கியதும், "உனக்குத்தான் வாய் நீளம், நில்லு" என்று பக்கத்து ஊட்டுக்காரர்களே என்னைப் பிடித்து நிறுத்தினார்கள். நான் கொடுத்தது ஒரே வாக்குறுதி. ஓடைக்குக் குறுக்கே ஒரு சின்னப் பாலம்.

ஓடைக்கு இந்தப் பக்கம் எங்கள் லைன் வீடுகள். அந்தப் பக்கம் கம்பெனிகள். நடுவில் இரண்டு சிமெண்ட் குழாயைப் புதைத்து மேலே மண்ணைக் கொட்டி வைத்திருந்தார்கள், அதுதான் பாதை. ஒரு நல்ல மழை பெய்தால் மண் கரைந்துவிடும். காலிருக்கிறவர்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி ஏறிவிடுவோம். எங்கள் வரிசையில் கடைசி வீட்டுப் பெண்ணால் அது முடியாது. சின்ன வயதிலேயே போலியோவில் ஒரு கால் போனது. பின்னால் இரண்டு பக்கமும் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில்தான் வேலைக்குப் போவாள். ஓவர்லாக் மெஷினில் அவள் கைக்கு ஈடு கிடையாது. அவள் தைத்த பீஸைச் செக்கிங்கில் நான் திருப்பி அனுப்பியதே இல்லை.

மண் கரைந்த நாளெல்லாம் அவள் பைபாஸைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். எட்டரைக்கு ஷிப்ட் ஆரம்பித்துவிடும். இவள் போய்ச் சேர ஒன்பதரை. ஒரு மெஷின் காலியாகக் கிடந்தால் அந்தத் தையல் லைன் மொத்தமும் காத்துக் கிடக்கும். "இன்னும் ரெண்டு தடவை லேட்டானா வேற ஆளு போட்ருவேன்னு சூப்பர்வைசர் சொல்லிப்போட்டாருங்கக்கா" என்று என்னிடம் வந்து நின்றாள். பாலம் எனக்கு வாக்குறுதி. அவளுக்கு அது வேலை.

நகராட்சியே கட்டிவிடலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். ஓடை வேறு துறைக்குச் சொந்தமாம். அதற்குள் நகராட்சி ஒரு செங்கல் வைக்கக் கூடாதாம். ஒன்று அரசு தனியாக நிதி கொடுக்க வேண்டும், இல்லையென்றால் விதியைத் திருத்த வேண்டும். சரி, அதற்குத்தான் வருடா வருடம் கோரிக்கைப் பட்டியல் என்று ஒன்று போகிறதே, எந்த வேலைக்கு நிதி, எந்த விதியில் திருத்தம் என்று எழுதி மன்றத்தில் தீர்மானம் போட்டு அனுப்புவார்களே, அதில் சேர்த்துவிடலாம் என்று கிளம்பினேன். அவளும் சும்மா இருக்கவில்லை. ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தாள்.

மன்றக் கூட்டத்தன்று மிக்சர் தட்டு சுற்றி வந்து முடிந்ததும் பட்டியலை வாசித்தார்கள். மொத்தம் பதினோரு கோரிக்கை. பாலம் பதினோராவது. எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"ஏனுங்க தலைவரே, முதல்ல என்னமோ நுழைவு வளைவுன்னு போட்டிருக்குது? ஊருக்குள்ள வர்றவனுக்கு வளைவு இல்லாட்டி வழி தெரியாதுங்களா?"

நகராட்சித் தலைவர் கோபப்படவில்லை. அவரும் கம்பெனி முதலாளிதான், முப்பது வருடமாக எக்ஸ்போர்ட் செய்கிறவர். என்னைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்து, சின்னக் குழந்தைக்குச் சொல்வது மாதிரி சொன்னார்.

"அம்மிணி, நீங்க கம்பெனில இருந்தவங்க. வெளிநாட்டுல இருந்து வாங்கற பையருக்குக் கொட்டேஷன் எப்படிங்க போடுவோம்? அவன் வெட்டறதுக்குன்னே ஒண்ண முன்னாடி வெப்போமில்லீங்க? அதை வெட்டிப் போட்டா அவனுக்கும் திருப்தி. நமக்கு வேணுங்கிறது அடீல பத்திரமா தப்பிச்சுக்கும். சென்னைலயும் வெட்டத்தானுங்க செய்வாங்க. வளைவை வெட்டுவாங்க, பூங்காவை வெட்டுவாங்க. கடைசீல உங்க பாலம் நிக்கும். சின்ன வேலை, குடுத்துப் போடுவாங்க."

இங்கேதான் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது. அவர் சொன்னது எனக்கு நியாயமாகப் பட்டது. பதினாறு வருடம் அதைத்தானே பார்த்தேன். யாரும் கேட்காத எம்பிராய்டரி ஒன்றை, ஆர்டர் பேசுகிற மெர்ச்சண்டைசர் பையன் கொட்டேஷனில் மேலே வைப்பான். பையர் அதை அடிப்பான். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே கை குலுக்குவார்கள். ஊரே இப்படிப் பேரம் பேசித்தான் பிழைக்கிறது. காய்கறிக்காரியிடம்கூட நாங்கள் நேராக விலை கேட்பதில்லை. அதனால் தீர்மானத்துக்கு நானும் கை தூக்கினேன். போதாததற்கு வீட்டுக்கு வந்து, "பாலம் கடைசீல இருக்குதுன்னு கவலைப்படாதே கண்ணு, கடைசீல இருக்கறதுதான் நிக்கும்" என்று அவளுக்கும் பாடம் எடுத்தேன். அவள் தலையாட்டினாள். என் பேச்சை நம்பாமல் இருந்திருக்கலாம் அவள்.

சென்னையில் யாரும் பேரம் பேசவில்லை. பட்டியலை எடுத்தார்கள், முதலில் இருந்ததற்கு அனுமதி கொடுத்தார்கள், மிச்சத்தை மூடி வைத்துவிட்டார்கள். அவ்வளவுதான். முன்னுரிமைப்படி முதல் கோரிக்கை ஏற்கப்பட்டது என்று ஒரு கடிதம். ஊரே சேர்ந்து இது வேண்டாம் என்று நினைத்ததை ஊரே சேர்ந்து முதலாவதாகக் கேட்டிருக்கிறோம்! தலைவரைப் பார்க்கப் போனேன். அவர் முகத்திலும் ஈயாடவில்லை.

"திருப்பி அனுப்பிப் போடலாமுங்க" என்றேன்.

"வேண்டாம்னு எழுதுனா அடுத்த வருஷம் ஒண்ணுமே குடுக்க மாட்டாங்க அம்மிணி. வந்ததை வெச்சுக்குவோம்" என்றார்.

வளைவைப் பைபாஸ் திரும்புகிற இடத்தில் கட்டுவது என்று முடிவானது. இரண்டு பக்கமும் தூணுக்குக் குழி தோண்டினார்கள். திருமுருகன்பூண்டிச் சிற்பிகளிடம் சொல்லிக் கல்லில் இரண்டு மயில் செய்யப் போகிறார்கள் என்று பேச்சு. தோண்டிய மண்ணைச் சாலையிலேயே குவித்தார்கள். பாதிச் சாலைக்குத் தகரம் வைத்து அடைத்தார்கள். அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. ஓடைப் பாதை கரைந்தது. குழாய்கூட வெளியே தெரிந்தது.

அவள் வழக்கம்போலப் பைபாஸைச் சுற்றினாள். முதல் நாள் தகரத்துக்குப் பின்னால் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு பத்து மணிக்குப் போனாள். மறுநாள் இருட்டு விலகும் முன்னே கிளம்பியிருக்கிறாள், சேற்றில் பின்சக்கரம் இறங்கிவிட்டது. ஒன்பது மணிக்கு மேல்தான் யாரோ வடநாட்டுப் பையன்கள் நாலு பேர் வந்து தூக்கிவிட்டார்களாம். அவள் போய்ச் சேர்ந்தபோது அவளுடைய மெஷினில் வேறொரு பெண் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள்.

நான் சூப்பர்வைசரிடம் போய்ச் சத்தம் போட்டேன். கவுன்சிலர் என்றுகூடப் பார்க்காமல் அவர் சொன்னார்: "உங்க வேலையைத்தானுங்க நீங்க செய்யோணும். பாலம் கட்டறது நானுங்களா?" எனக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும். அன்றைக்கு வந்த வழியே திரும்பி நடந்தேன். கேட்டில் நின்றிருந்த வாட்ச்மேன் என்னைப் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வளைவு நன்றாகத்தான் வந்திருக்கிறது, பொய் சொல்லக் கூடாது. மயிலுக்கு விளக்குப் போட்டிருக்கிறார்கள். உடுமலைப் பக்கமிருந்து வருகிறவர்கள் வண்டியை நிறுத்திப் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். திறப்பு விழாவில் கவுன்சிலர்கள் எல்லோருக்கும் சால்வை போட்டார்கள். எனக்குப் போட்டதை வீட்டுக்குக் கொண்டுவரப் பிடிக்காமல் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

இந்த வருடம் பட்டியல் தயாரிக்கும்போது நான் யாரையும் பேச விடவில்லை. முதலில் பாலம். விதியைத் திருத்துவது இரண்டாவது. வெட்டுவதற்கென்று எதுவும் வைக்கக் கூடாது, வைத்தால் கூட்டம் நடக்க விடமாட்டேன் என்று மேஜையைத் தட்டினேன். தலைவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "சரிங்க அம்மிணி, உங்க இஷ்டம்" என்றார். தீர்மானம் நிறைவேறியது. நகல் ஒன்றை வாங்கிக்கொண்டு நேராக அவள் வீட்டுக்குப் போனேன். பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரிதான் போனேன், அதை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது.

அவள் தரையில் உட்கார்ந்து பனியன்களில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். கம்பெனியிலிருந்து மூட்டையாகக் கொண்டுவந்து போட்டுவிட்டு, மாலையில் வந்து எடுத்துக்கொண்டு போகிற வேலை. ஓவர்லாக்கில் அத்தனை நேராகத் தைத்த கை, மற்றவர்கள் தைத்துவிட்ட நூலை வெட்டிக்கொண்டிருந்தது. ஸ்கூட்டர் வாசலில் தார்ப்பாயால் மூடிக் கிடந்தது.

நகலை நீட்டினேன். "பாரு கண்ணு. பாலம்தான் முதல்ல."

கத்தரியைக் கீழே வைத்துவிட்டு வாங்கினாள். ஒவ்வொரு வரியாக முழுசாகப் படித்தாள். பிறகு நாலாக மடித்து, பத்திரமாக என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"நல்லதுங்கக்கா. எல்லாருக்கும் ஆகும்" என்றாள். கத்தரியை எடுத்துக்கொண்டு அடுத்த பனியனைப் பிரித்தாள். "எனக்கு இனி என்னத்துக்குங்கக்கா? அக்கரைல எனக்கு வேலை இல்லீங்களே."